முப்பது கோப்பை வட்டிலப்பம்

என் மனைவி எங்கள் ஸ்கூட்டரைக் கல்முனைச் சந்தைக்குக் கொண்டுபோய், வரும் வழியில் மதிலில் உரசி ஒரு விரல் நீளத்துக்குக் கீறிக்கொண்டு வந்தாள். நான் கணிதம் படிப்பிக்கிறவன். பிழை எந்த வரியில் நடந்தது என்று காட்டாமல் விடமாட்டேன். என்ன வேகம், கண்ணாடியைப் பார்த்தாயா என்று பகல் சோறு முடியும்வரை விசாரித்தேன். வளைவில் மாடு நின்றது என்றாள். மாடு நிற்கும் என்று நினைத்து வருவதுதான் கவனம் என்றேன். அவள் மீனில் முள் எடுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அதே ஸ்கூட்டரில் நான் வந்தேன். அன்று பொழுது பட்டு மஃரிபுக்குப் பிறகு பக்கத்து வீட்டு ராத்தாவின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. விருந்து இனிப்புக்கு முப்பது கோப்பை வட்டிலப்பம் அவித்து, ஆறட்டும் என்று வாசலுக்கு முன் ஒழுங்கையோரம் ஒரு நீள மர வாங்கில் அடுக்கி வைத்திருந்தார் ராத்தா. என் ஒரு கையில் ஃபோன். பாடசாலைக்குப் பிந்தி வந்த ஓர் ஆசிரியரைக் கண்டித்து வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தேன். அதற்கு எத்தனை பேர் பெருவிரல் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். முன்சில்லு வாங்கில் மோதியது. எனக்கு ஒரு காயமும் இல்லை. வட்டிலப்பம் முழுவதும் மணலில்.

"அல்லாஹ்ட நாட்டம் ராத்தா, பிரேக் பிடிக்கல்ல" என்றேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் அதைப் பிடிக்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த மனைவி அமைதியாகக் கேட்டாள்: "நான் கீறினா கவனயீனம், நீங்க இடிச்சா நாட்டமா?"

ராத்தா எனக்காகப் பரிந்து பேசினார். "அவர ஏசாதீங்க புள்ள. பாவம், அவர்ட கையில என்ன இரிக்கி?"

நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் போன மாதம் தன் முற்றத்துச் செவ்வரத்தைச் செடியைக் கடித்துத் தின்ற ஆட்டையும் ராத்தா இதே குரலில்தான் மன்னித்தார். ஆட்டோடு ஒரே வரிசையில் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

"நாட்டத்துல போடாதீங்க ராத்தா. ஃபோனப் பாத்துக்கு வந்தன். என்ட பிழைதான்."

அதுவரை வராத கோபம் ராத்தாவுக்கு அப்போதுதான் வந்தது. படித்த மனிசன், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறவர் என்று தொடங்கி, மூச்சு வாங்கும்வரை ஏசினார். ஏச்சு விழ விழ எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டு போனது. இதை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பிறகு ராத்தாவின் குசினியில் பின்னேரம் அஸர்வரை தேங்காய் துருவிப் பால் பிழிந்தேன். மனைவி முட்டை அடித்தாள். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் புதிய கோப்பைகள் ஆறியும் விட்டன.

அவர்களில் ஒரு பெரியவர் இரண்டாம் கோப்பையை முடித்துவிட்டு, ருசிதான், ஆனால் பால் கொஞ்சம் தண்ணியாகப் போய்விட்டது என்றார். ராத்தா என்னைக் கை காட்டினார். தேங்காய் முற்றவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கதவோரம் நின்ற மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஓம், நான்தான் பிழிஞ்ச" என்றேன்.