ஊற்றிய எண்ணெய்

தெருக்கோடியில் புல்வெட்டி இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று உண்டு. அதன் சொந்தக்காரியை எல்லோரும் ஸ்பேனரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். செய்யாத வேலையைச் செய்தேன் என்று சொல்கிற புத்தி மட்டும் அவளிடம் கிடையாது.

அப்பேர்ப்பட்டவளைத்தான் மைதானத்துக்காரர் பொய்க்காரி ஆக்கிவிட்டார். விளையாட்டு மைதானத்தைப் பராமரிப்பவர் அவர். அவருடைய புல்வெட்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகி நின்றுவிட்டது. அக்கா பிஸ்டனை மாற்றி, புது எண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். சில நாளிலேயே மறுபடியும் இறுகியது. திறந்து பார்த்தால் உள்ளே சொட்டு எண்ணெய் இல்லை. எண்ணெயே ஊற்றாமல் ஊற்றினேன் என்று ஏமாற்றிவிட்டாள் என்று கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனார் மனுஷன். அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஊற்றிய எண்ணெய் எங்கேயோ ஒழுகியிருக்க வேண்டும். எங்கே? மறுபடி பிஸ்டனை மாற்றி ஓடவிட்டுப் பார்த்தாள். ஆறியிருக்கும்போது கசிவே இல்லை. ஓடும்போது அடியில் அட்டை வைத்தால், சுழலும் கத்தி அதை உறிஞ்சித் தூளாக்கியது. பட்டறைத் தரையோ வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்தது. அதில் ஒரு திருகாணி விழுந்தாலே தலைமுழுக வேண்டியதுதான். எண்ணெய்ச் சொட்டு எங்கே தெரியப்போகிறது? தரையை மாற்றியே தீருவது என்று அக்கா முடிவு செய்துவிட்டாள்.

கொழுந்தன் கொத்தனார். பளபளவென்று டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்றான். எண்ணெய் பட்டால் வழுக்கும், இன்ஜின் விழுந்தால் உடையும், அதையெல்லாம் உன் மாமியார் வீட்டில் ஒட்டு என்றாள் அக்கா. அவள் கேட்டது சொரசொரப்பான சிமென்ட் தரை, அதன்மேல் எண்ணெய் இறங்காத வெளிர் சாம்பல் பெயின்ட்.

"பட்டறைக்கு வெளுத்த தரையா? உள்ள வர்றவன் கால் கழுவிட்டு வரணுமா அண்ணி?"

"கழுவிட்டு வரட்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் எனக்குத் தெரியணும்."

எண்ணெய் ஊறிய தரையில் புதுச் சிமென்ட் பிடிக்காது. இரண்டு பேரும் உட்கார்ந்து கொத்தி எடுத்தார்கள். அக்காவின் உள்ளங்கை கொப்பளித்துப்போனது. இயந்திரங்களெல்லாம் வீட்டுக்குள் குடியேறின. கட்டிலுக்கடியில் சைலன்சர், அடுப்படியில் கார்புரேட்டர். நானும் எங்கேயாவது போய்விடட்டுமா என்று கேட்ட கணவனிடம், போகிறபோது கொத்திப்போட்ட தரைக் குப்பையையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். சிமென்ட் நன்றாகக் காய்வதற்குள் பெயின்ட் டப்பாவைத் திறக்கவந்த கொழுந்தனையும் விரட்டிவிட்டாள்.

பெயின்ட் காய்ந்ததும் முதல் வேலையாக மைதானத்து இயந்திரத்தைத் தள்ளிவந்து நிறுத்தி, மைதானத்துக்காரரையும் வரவழைத்தாள். அவர் கண்முன்னாலேயே எண்ணெய் ஊற்றினாள். இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு அணைத்தாள். பிறகு இயந்திரத்தை நகர்த்தினாள். வெளிர்த் தரையில் எண்ணெய்ச் சொட்டுகள் பளிச்சென்று கிடந்தன. இயந்திரத்தைச் சாய்த்துப் பார்த்தால், இன்ஜின் அடிப்பாகத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். சூட்டில் விரிகிறது, ஆறினால் மூடிக்கொள்கிறது. கத்தி எதிலாவது பலமாக மோதினால்தான் அந்த இடம் இப்படி விரிசல் விடும்.

"கத்தி கல்லுல மோதுச்சா?" என்று கேட்டாள்.

மோதியிருந்தது, மைதானத்துக்காரர்தான் அதைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை. குனிந்து ஒரு சொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நீ ஊத்தித்தான் இருக்கம்மா."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை பாடு! அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அது எனக்குத் தெரியாதா? கடைத்தெருவுல சொன்னதை, அங்கயே வந்து மாத்திச் சொல்லுங்க."

கொழுந்தன் துணியை எடுத்துக்கொண்டு தரையைத் துடைக்கப் போனான். கை வைத்தால் தெரியும் சேதி, அந்த நாலு பேரும் வந்து பார்க்கிற வரைக்கும் அது அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அக்கா மைதானத்துக்காரரை முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே போனாள்.