டைமிங் பெல்ட் மாற்றிய மாமி

எண்பதுகளின் கடைசியில் வங்காளத்துப் பெஹாலாவில் எங்கள் கீழ் வீட்டில் இருந்த மாமி நல்ல பருமன். உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டி மாட்டியிருப்பார். கழல மறுக்கும் எதையும் வங்காள மொழியில் கொஞ்சுவது அவர் வழக்கம். ஊறுகாய் ஜாடி மூடியானாலும் கார் போல்ட்டானாலும் "எஷோ பாபா, எஷோ" என்று வா வா என அழைப்பார்.

ஒரு ஞாயிறன்று முற்றத்தில் அவர்களுடைய சின்னக் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். அதுவரை காரைப் பார்த்துக்கொண்டது மாமாதான். பக்கவாதத்தில் வலது கை செயலிழந்த பிறகு அவர் அறையைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தியிருந்தார்.

"மெக்கானிக்கைக் கூப்பிடக் கூடாதா மாமி?" என்று ஸ்பானரை நீட்டியபடி கேட்டேன்.

"மெக்கானிக் வந்தா இவர் உள்ளேயே படுத்துண்டிருப்பார். நான் பண்ணினா, தப்பு சொல்லவாவது வெளில வருவார்."

இரண்டு பல்சக்கரங்களின் குறிகளையும் நேராக வைத்துப் புது பெல்ட்டை மாட்டினார். மாமாவின் அறை ஜன்னலைப் பார்த்தார். அங்கே அசைவில்லை. உடனே பெல்ட்டைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டினார். அப்படியே கிளப்பினால் இன்ஜின் பாழாகலாம் என்று எனக்கே தெரியும். நான் வாய் திறப்பதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு, "ஏன்னா, ஸ்டார்ட் பண்ணட்டுமா?" என்று உரக்கக் கேட்டார்.

"இரு, இரு! குறி பாத்தியோ?"

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். "ஒரு பல் தள்ளியிருக்கேடி!" என்று கத்திவிட்டு, இடது கையால் அவரே பெல்ட்டை இழுத்துப் பிடித்தார். மாமி போல்ட்டைத் தளர்த்தினார்.

மாமா வராமலிருந்தால் மாமி சாவியைத் திருகியிருப்பாரா? திருகியிருப்பார் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.