பதினாலாம் நம்பர் மேசை விரிப்பு

பெரியம்மா எந்த மேசை முன்னால் உட்கார்ந்தாலும் முதலில் விரிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பாள். பிறகு விரலை மோந்து பார்ப்பாள். கல்யாண மண்டபம், வங்கி, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அறை, எங்கே போனாலும் இதுதான். பிளாஸ்டிக் விரிப்பாக இருந்தால்கூடக் கை ஒருமுறை போய்விட்டுத்தான் வரும். நான் பட்டம் வாங்கிய அன்று, வரவேற்பு மேசையில் போட்டிருந்த சிவப்புத் துணியைத் தேய்த்துவிட்டு, "காபி. ரெண்டு வாரம் ஆயிருக்கும்" என்று என் காதில் சொன்னாள். பக்கத்தில் என் பேராசிரியர் நின்றிருந்தார். நான் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளிப் போய்விட்டேன்.

அவள் என் அம்மாவின் அக்கா. எங்கள் ஊர்க் கோட்டை மதிலை ஒட்டிய சந்தில் இருக்கும் லாண்டரியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். கடலைப் பார்த்த தெருவிலுள்ள ஹோட்டல்களின் மேசை விரிப்புகளும் கைத்துண்டுகளும் அங்கேதான் வெளுக்க வரும். வாசலுக்கு நேர் உள்ளே நீளமான மரமேசை. அழுக்கு மூட்டைகளை அதில் அவிழ்த்து, எண்ணெய்க் கறை தனி, காபிக் கறை தனி, பழக்கறை தனி என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. பிரித்தது தப்பானால் கறை போகாது. தப்பு பெரும்பாலும் நடந்ததில்லை. கூட வேலை செய்பவர்கள் அவளை 'டாக்டரம்மா' என்று கூப்பிடுவார்கள். பாதி கேலி, பாதி மரியாதை.

அந்த ஹோட்டல்கள் எதிலும் அவள் காலடி வைத்ததில்லை. கடல் தெருவில் அவளுக்கு வேலையும் கிடையாது. நானும் போனதில்லை. பள்ளி நாளில் அந்தப் பக்கம் நடந்தால் கண்ணாடிக்கு உள்ளே யாராவது வாயைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

அதனால்தான் மேலாளர் சாப்பாட்டு ஏற்பாட்டை என்னிடம் விட்டபோது முழித்தேன். பழைய கட்டடங்களைச் சீர்செய்து கொடுக்கும் நிறுவனத்தில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரமா இல்லையா என்று தெரியும். தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் எங்கள் ஊர்த் துறைமுகத்துப் பழைய கிடங்கைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். ஒன்றரை நாள் பயணம். மூன்று வேளைச் சாப்பாடு.

"உங்க ஊர்தானே? எங்க சாப்பிடறதுன்னு நீங்களே பார்த்து முடிவு பண்ணிடுங்க" என்றார் மேலாளர். "கிடங்கைப் பத்தி நான் பேசிக்கறேன். சாப்பாடு சரியில்லைன்னா மனுஷன் எதையும் கேக்க மாட்டான்."

"சரி சார்" என்றேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு ஹோட்டல்கூடத் தெரியாதா என்று கேட்டால் என்ன சொல்வது?

அன்று ராத்திரி முழுக்க போனில் தேடினேன். ஒரே இடத்தை ஒருவர் "சொர்க்கம்" என்றார், அடுத்தவர் "கரப்பான்" என்றார். ஒரு அம்மாள் கடல்காற்று அருமை என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். அதே வாரத்தில் ஒருவர் அதே காற்றில் தன் தொப்பி பறந்துவிட்டதென்று ஒரே நட்சத்திரம் கொடுத்திருந்தார். படிக்கப் படிக்க எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. நல்ல ஹோட்டல் என்றால் என்ன என்பதே சந்தேகமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நேராக லாண்டரிக்குள் நுழைந்தேன்.

"வாங்க ஆபீசர்" என்றாள் பெரியம்மா, கையிலிருந்த துணியை விடாமல். "என்ன, ஞாயித்துக்கிழமையில சந்துப்பக்கம்? வழி தப்பிட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை என்று தோன்றியது.

"இதுக்கா போன நோண்டிக்கிட்டு இருந்த? இங்க வா." மூட்டைகளில் ஹோட்டல் பெயர் இருக்காது, தகரத்தில் வெட்டிய நம்பர் மட்டும் தொங்கும். பெயர்கள் சூப்பர்வைசரிடம்தான். மூன்றாம் நம்பர் மூட்டையை அவிழ்த்து ஒரு விரிப்பை உதறினாள். கிட்டத்தட்ட வெள்ளை. "பாத்தியா?"

"சுத்தமா இருக்கே பெரியம்மா."

"அதான் கோளாறு. ஒண்ணு யாரும் வர்றதில்ல, இல்ல வந்தவங்க பயந்து பயந்து சாப்பிடறாங்க. வேணாம்." அடுத்தது ஒன்பது. வட்டம் வட்டமாகக் காபிக் கறை. "இங்க பேச வர்றாங்க. திங்க வர்றதில்ல. ஆனா நல்லாப் பேசறாங்க. உங்க சாரு பேசணும்னாரே, முத நாள் மத்தியானம் இங்க கூட்டிட்டுப் போ."

"ராத்திரிக்கு?"

அவள் கீழே குனிந்து பதினாலாம் நம்பர் மூட்டையைத் தூக்கி மேசையில் போட்டாள். அந்த விரிப்பு ஒரு தேசப்படம் மாதிரி இருந்தது. எண்ணெய், தக்காளி, மீன், ஏதோ பழச்சாறு, ஓரத்தில் குழந்தை விரலடையாளம்.

"இதுதான்டி ஹோட்டலு" என்றாள். "தினமும் பன்னெண்டு விரிப்பு வரும். பன்னெண்டே மேசை, சின்ன இடமாத்தான் இருக்கும். ஆனா ஒரே நாள்ல எவ்வளவு சாப்பிட்டிருக்காங்க பாரு. அந்தப் பக்கம் வரைக்கும் ஊறிப்போயிருக்கு. மனசு விட்டுச் சாப்பிடறாங்க. சில நாள் எனக்குக் கோவமா வரும், இப்படிக் கொட்டறாங்களேன்னு. அப்புறம் பாவம், சந்தோஷமா இருக்காங்கன்னு விட்டுடுவேன்."

இஸ்திரி போடும் அக்கா அங்கிருந்தே கத்தினாள்: "டாக்டரம்மா, உங்களையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க!"

"நான் போனா இந்த மூட்டைய யாரு பிரிக்கறது?" என்றாள் பெரியம்மா.

மறுநாள் சாப்பாட்டுக்கும் ஒரு நம்பர் சொன்னாள். சூப்பர்வைசரிடம் மூன்று பெயர்களையும் எழுதி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நாலு வருடம் படித்தவள், கறையை நம்பி வேலையைப் பணயம் வைக்கிறேனே என்று. போனில் முன்பின் தெரியாதவர் போடும் நட்சத்திரத்தை நம்புவதைவிட இது எந்த வகையில் மோசம் என்றும் தெரியவில்லை.

விருந்தினர்கள் வந்த அன்று மத்தியானம் ஒன்பதாம் நம்பரில் அவள் சொன்னபடியே எல்லாரும் நன்றாகப் பேசினார்கள். மேலாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சாயங்காலம் கோட்டை மதிலின் மேல் நடந்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் பதினாலாம் நம்பருக்குப் போனோம்.

வாசலிலேயே தெரிந்துவிட்டது. சின்ன இடமே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணினேன். முப்பத்தாறு மேசை. பன்னிரண்டு விரிப்பு எப்படிப் போதும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பரிமாறுபவர் வந்து எங்கள் மேசை விரிப்பை இரண்டு கையாலும் தூக்கி, புரட்டி, மறுபக்கம் மேலே வரும்படி விரித்தார். அத்தனை லாவகமாக. மறுபக்கத்திலும் கறை இருந்தது.

எல்லாம் அப்போதுதான் விளங்கியது. ஒரு விரிப்பு மூன்று நாள் ஓடுகிறது. புரட்டிப் புரட்டிப் போட்டு, நாளுக்குப் பன்னிரண்டாக வெளுக்க அனுப்புகிறார்கள். பெரியம்மா பார்த்தது ஒரு நாள் சந்தோஷம் இல்லை.

விருந்தினர்களில் ஒருவர் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேலாளர் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி ஓடி வந்து கறையைப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் தயங்காமல், "லாண்டரில இப்படித்தான் சார் அனுப்பறாங்க. எத்தனை தடவ சொன்னாலும் வெளுக்கத் தெரியல" என்றார்.

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா? உங்க ஊரு லாண்டரி அவ்வளவு மோசமா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே என் பெரியம்மா வேலை பார்க்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். பரிமாறுபவர் இப்போது புரட்டிப் போட்டதை நானே பார்த்தேன் என்றாவது சொல்லியிருக்கலாம். இன்னும் மூன்று வாரத்தில் ஆறு மாதம் முடிகிறது.

"இருக்கலாம் சார்" என்றேன்.

புது விரிப்பு வந்தது. மீன் வந்தது. இதில்தான் என் குழப்பம் இன்னும் கூடியது. அவ்வளவு ருசி. கையை மடியில் வைத்திருந்தவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார், புது விரிப்பில் சிந்தவும் செய்தார். பெரியம்மா சொன்னது தப்பா, சரியா? மேலாளர் வெளியே வந்ததும், "துணி கெடக்குது விடுங்க, நல்ல இடமாத்தான் பிடிச்சிருக்கீங்க" என்றார். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது.

இனிப்பு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பெரியம்மா அடுக்களைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு எப்படி?" என்று கேட்டாள், இனிப்பைப் பிரிக்காமலே.

"சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு பெரியம்மா."

"சொன்னேன்ல." கொஞ்ச நேரம் தைலத்தையே தேய்த்தாள். "அந்த முதலாளி லாண்டரிக்கு போன் பண்ணிக் கத்தினானாம். பெரிய மனுஷங்க முன்னாடி மானம் போச்சாம். துணியப் பிரிச்சவ நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கணுமாம். சூப்பர்வைசர் போகச் சொல்றாரு."

விரிப்பைப் புரட்டியதையும் முப்பத்தாறு மேசையையும் அப்போதுதான் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் விரலை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தாள்.

"அப்ப அது மூணு நாளுக் கறையா?"

"ஆமா."

"நான் ஒரு நாளுன்னுல்ல நெனச்சேன்." வேறு எதுவும் அவளைத் தொட்டதாகத் தெரியவில்லை. "எத்தன வருசமா… அங்கதான் ஜனங்க நல்லாருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அங்கயும் எல்லா எடம் மாதிரிதானா?"

"மீனு நெஜமாவே நல்லாருந்துச்சு பெரியம்மா."

"நீ ஒண்ணும் சொல்லலையா அவன்கிட்ட?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்டாளா, சும்மா கேட்டாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"சார் பேசிக்கிட்டு இருந்தாரு" என்றேன். அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

"அதுவும் சரிதான். வேலை முக்கியம்" என்று இனிப்புப் பெட்டியைப் பிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வேலை பார்த்தாள். பதினாலாம் நம்பர் மூட்டை தினமும் வந்தது. இஸ்திரி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதை மட்டும் அவள் பேசாமல் பிரிப்பாளாம். வாரம் ஒருமுறை சூப்பர்வைசர், "டாக்டரம்மா, ஒரு எட்டுப் போயிட்டு வந்துடுங்களேன், அந்தாளு நச்சரிக்கறான்" என்பார். "நாளைக்குப் போறேன்" என்பாள். மறுக்கவே இல்லை. முழங்கால் ஒத்துழைக்காமல் வேலையை விட்டுவிட்டுத் தன் மகளோடு வேறு ஊருக்குப் போன அன்றும் அவர் நினைவுபடுத்தியிருக்கிறார். "அதுக்கென்ன, நாளைக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறியிருக்கிறாள்.

அவளுக்குப் பதிலாக நான் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று இரண்டு முறை அந்த வாசல்வரை போயிருக்கிறேன். என்னவென்று கேட்பது? அவள் கேட்க வேண்டியதே இல்லாத ஒன்றை நான் போய்க் கேட்டால் அவளைக் குற்றவாளியாக்கினதாகாதா? கேட்காமல் விட்டால் யாருக்கு லாபம்? இரண்டு முறையும் கண்ணாடிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

போன வாரம்கூட அந்த ஹோட்டல் முதலாளி சூப்பர்வைசரிடம் கேட்டாராம், "அந்தம்மா இன்னும் வரலையே?" என்று.