எட்டியாந்தோட்டையில் தட்டத் தொடங்கிய இஞ்சின்

இது நடந்து எட்டு ஒன்பது வருஷம் இருக்கும். அப்போது நான் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைத் தொழிற்சாலையில், இஞ்சின் பார்க்கிற ஆளாக இருந்தேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. இஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுக் கேட்டுத்தான் தொழில் பழகினேன். அதனால் நான் இங்கே ஏதாவது பிழையாகச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள், பிள்ளைகளா.

வேலை விட்டு வந்த பிறகு, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டிலில் வெளி வண்டிகளையும் பார்ப்பேன். அப்படித்தான் டவுனில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி தன் மரக்கறி வேனைக் கொண்டு வந்தார். லீக்ஸ், கரட், கோவா எல்லாம் ஏற்றுகிற வேன். ஏற்றம் வந்தால் நின்று நின்று இருமும்.

"பாஸ், இதுக்கு முன்னாடி மாட்டு வண்டி போயிருது. மாட்டுக்காரன் திரும்பிப் பாத்து சிரிக்கிறான்" என்றார். எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரரை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காற்றும் பெட்ரோலும் கலந்து ஒரு குழாய் வழியாக உள்ளே போகும். அந்தக் குழாய்க்கு மெனிபோல்ட் என்று பெயர். அது போய்ச் சேருகிற கனமான இரும்பு மூடிதான் சிலிண்டர் ஹெட். மூடிக்குக் கீழே அந்தக் கலவையை நசுக்கி, ஒரு தீப்பொறி கொடுத்தால் அது எரிந்து வண்டியைத் தள்ளும். அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.

கழற்றிப் பார்த்தேன். மெனிபோல்டின் ஓட்டையும் ஹெட்டின் ஓட்டையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. உள்ளே ஒரு விளிம்பு துருத்திக்கொண்டு நின்றது. வாசற்படியில் கல்லை வைத்தால் ஆள் தடுக்குகிற மாதிரி, காற்று அங்கே தடுக்குகிறது என்று நினைத்தேன். அரத்தை எடுத்து அந்த விளிம்பை ராவி வழவழப்பாக்கினேன். பிறகு ஒரு தடித்த கண்ணாடிப் பலகையில் எமரித் தாளை விரித்து, ஹெட்டை அதன்மேல் போட்டு நாள்கணக்காகத் தேய்த்தேன். மூடி கொஞ்சம் மெலிந்தால் உள்ளே இடம் குறையும், கலவை இன்னும் இறுக நசுங்கும், இழுவை கூடும்.

"இந்தத் தேய்ப்பை அண்டாவுல தேய்ச்சிருந்தா மூஞ்சி பாத்துத் தலை சீவலாம்" என்றாள் என் வீட்டுக்காரி.

மூடியை இறக்கினால், அதில் திறந்து மூடுகிற வால்வு கீழேயிருந்து ஏறி வருகிற பிஸ்டனில் இடிக்குமோ என்று பயம். அதற்கு அவள் பிசைந்து வைத்திருந்த ரொட்டி மாவில் ஒரு உருண்டை கேட்டு வாங்கி, உள்ளே வைத்து, மூடியை முறுக்கி, இஞ்சினைக் கையால் சுற்றிவிட்டுத் திரும்பக் கழற்றினேன். மாவு நசுங்கியிருந்தது, அறுந்து போகவில்லை. இடம் இருக்கிறது என்று அர்த்தம். கடைசியாகத் தீப்பொறி கொஞ்சம் முன்கூட்டியே விழும்படி, அதைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்தேன்.

வேன் பறந்தது. முதலாளி றம்பொடைக்கு இறங்கி ஏறிவிட்டு வந்து, "இது நம்ம வேன்தானா, மாத்தி வச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

அந்தச் சமயம்தான் அவருடைய வாப்பாவும் உம்மாவும், அதாவது அப்பாவும் அம்மாவும், மக்காவுக்கு ஹஜ் யாத்திரை போக ஏற்பாடு ஆகியிருந்தது. கொழும்பில் கப்பல் ஏற வேண்டும். புறப்படுகிற அன்று மாலைக்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டும். விட்டால் அடுத்த வருஷம்தான். வாப்பாவுக்கு எழுபதை நெருங்கிய வயது, நெஞ்சிலும் சளி. அதனால் அடுத்த வருஷம் என்ற பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

ரயிலில் போவதாகத்தான் இருந்தது. முதலாளி மனசை மாற்றிக்கொண்டார். "ரயில் எதுக்கு? நம்ம வேன்லயே கூட்டிட்டுப் போவோம். செஞ்சவரு நீங்க, நீங்களே ஓட்டுங்க." எனக்குப் பெருமையில் தலைகால் தெரியவில்லை. சரி என்றேன்.

விடிகாலை பனியில் புறப்பட்டோம். முன்னால் நானும் முதலாளியும். பின்னால் ஒரு மெத்தை போட்டு வாப்பாவும் உம்மாவும், அவர்களோடு இரண்டு பெரிய இரும்புப் பெட்டிகள். தலவாக்கலை, அட்டன், கினிகத்தேனை எல்லாம் சுகமாகத் தாண்டினோம். கித்துல்கல வரைக்கும் இறக்கம்தானே, இஞ்சினுக்கு வேலையே இல்லை.

எட்டியாந்தோட்டை வந்ததும் ரோடு சமமாகி, சின்னச் சின்ன மேடுகள் வந்தன. அங்கே காலை அழுத்தினேன். இஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி.

"என்ன பாஸ் அது?"

"ஒண்ணுமில்ல முதலாளி" என்றேன். ஒன்றும் விளங்கவில்லை என்பதுதான் உண்மை.

கொஞ்ச தூரத்தில் ரேடியேட்டர் ஆவி கக்கியது. ஒரு சிங்களக் குடும்பத்தின் தேத்தண்ணிக் கடை முன்னால் நிறுத்தினேன். பொனெட்டைத் தூக்கிப் பார்த்தால், நின்ற இடத்தில் இஞ்சின் சங்கீதம் மாதிரி ஓடுகிறது. ஓட்டினால் மட்டும் தட்டுகிறது. உள்ளே ஏதாவது நட் விழுந்துவிட்டதா? விழுந்திருந்தால் நிற்கும்போதும் சத்தம் வருமே. வழியில் போட்ட பெட்ரோல் கெட்டதா? மோந்து பார்த்தேன், நல்ல பெட்ரோல். தீப்பொறி போடுகிற பிளக்கைக் கழற்றினேன், வெள்ளையாக வெந்து கிடந்தது. மேலே மலையில் ஓடும்போது அதே பிளக் நல்ல பழுப்பு நிறம். அதே இஞ்சின், அதே ஆள், அதே கை. காலையில் சரியாக இருந்தது பத்து மணிக்கு எப்படிப் பிழையாகும்?

முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "பஸ் வந்தா இவங்கள ஏத்தி விட்டுருவோம்" என்றார் மெதுவாக.

வெளிச்சாப்பாடு வாப்பாவுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் உம்மா, கடைக்கார அம்மாவிடம் கையையும் காலையும் காட்டிப் பேசி, அவருடைய அடுப்பிலேயே கொஞ்சம் பருப்புப் போட்டுக் கஞ்சி வைக்கப் போனார். நான் குனிந்து வயர்களைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் சீக்கிரமே கோப்பையோடு திரும்பி வந்தார்.

"வச்ச கையோட வெந்துருச்சுங்க. நம்ம ஊட்டுல இந்தப் பருப்பு விறகக் குடிச்சுக்கிட்டுக் கிடக்கும்."

"அங்க நீ பேசிக்கிட்டே இருப்பே, பருப்பு வேகறத விட்டுட்டு ஒங் கதய கேட்டுக்கிட்டு இருக்கும்" என்றார் வாப்பா.

"இல்ல வாப்பா, மலைல காத்து மெல்லிசு" என்றார் முதலாளி. "அங்க தண்ணி சும்மா கொதிக்கும், சூடு பத்தாது. இங்க காத்து கனம்னு இஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க."

நான் நிமிர்ந்தேன். என் வீட்டிலும் பருப்பு அப்படித்தான் கிடக்கும். ஆனால் அதற்கும் இஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அங்கே காற்று மெல்லிசு என்றால், நான் அகலப்படுத்திய ஓட்டை வழியாகப் போனதும் மெல்லிசுக் காற்று. நான் மூடியைத் தேய்த்து நசுக்கினதும் அதைத்தான். இங்கே அதே ஓட்டையில் கனமான காற்று நுழைகிறது. ஏற்கெனவே நிறைந்த மூட்டையை ஏறி மிதிக்கிற மாதிரி அல்லவா ஆகும்? மூடியை இங்கே வைத்து மாற்ற முடியாது, மாற்றக்கூடியது தீப்பொறி விழுகிற நேரம் ஒன்றுதான். முன்னாலா, பின்னாலா? அங்கேதான் மறுபடி குழம்பினேன்.

ஒரு யோசனையில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, வேனைக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இரண்டு மடங்கு. நாய் குரைத்துக்கொண்டே பின்னால் வந்தது. நான் திரும்பி வருகிற நேரம் பார்த்து பஸ்ஸும் வந்து நின்றது. படியிலேயே ஆட்கள் தொங்கினார்கள். முதலாளி பெட்டியைக் காட்டிக் கெஞ்சினார். கண்டக்டர் கையை விரித்தார். மணி அடித்தது, பஸ் போய்விட்டது. உம்மா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அவருடைய உதடு மட்டும் அசைந்தது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாப்பாதான் பேசினார். "பாஸ், அந்தப் பக்கம் திருப்பினா கூடுது. அப்ப இந்தப் பக்கம் இருக்குல்ல?"

எவ்வளவு சின்ன விஷயம். பயத்தில் எனக்கு அதுகூடத் தோன்றவில்லை. மறுபக்கம் திருப்பினேன். நான் மலையில் வைத்திருந்த அடையாளத்தையும் தாண்டி, தீப்பொறி பிந்தி விழும்படி பின்னால் கொண்டுபோய் முறுக்கினேன். ஓட்டினேன். மேட்டில் கொஞ்சம் கல் குலுங்கியது. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். சத்தம் நின்றது.

வேனுக்கு இழுவை குறைந்துவிட்டது, சூடும் இருந்தது. பெரிய லொறிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. காலை மெத்தென்று வைத்து, இரண்டு இடத்தில் தண்ணீர் ஊற்றி, வெயில் சாய்கிறபோது துறைமுக வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். உள்ளே விடுகிற வரிசை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. உம்மா என் கையில் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலத்தை வைத்து, "ஒங்க புள்ளைகளுக்கும் சேத்து அல்லாகிட்ட துஆ கேக்குறேன் தம்பி" என்றார்.

திரும்பி வரும்போது கித்துல்கல தாண்டினதும் வேன் ஏற மறுத்தது. இறங்கி, டிஸ்ட்ரிபியூட்டரைப் பழையபடி முன்னால் திருப்பினேன். கடகடவென்று ஏறியது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "கீழ ஒரு கொணம், மேல ஒரு கொணம். அசல் என் மச்சான்."

அப்புறம் மூடிக்கு அடியில் ஒரு தடித்த கெஸ்கட் தகடு வெட்டிப் போட்டு, நசுக்குவதைக் கொஞ்சம் குறைத்து, இரண்டு ஊருக்கும் பொதுவாக ஓடும்படி செய்தேன். அதற்குப் பிறகு மேலே முன்போல் பறக்கவில்லை, கீழே தட்டவுமில்லை. நான் முதலில் செய்த வேலை சரியா பிழையா என்று பல பேரிடம் கேட்டுவிட்டேன். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் ஒரே வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கடை வாசலில் நின்றபோது இருந்த குழப்பத்தில் பாதி இன்னும் என்னோடுதான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து யார் வண்டியைக் கொண்டு வந்து இழுவை பத்தவில்லை என்று சொன்னாலும், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், "நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் நான் குனிகிறேன்.