குழந்தை மேசைக்கு நாலு அங்குலம் குறைந்தது

குழந்தைக்குத் துணி மாற்றுவதற்கென்று ஒரு மேசை எங்கள் வீட்டுக்குக் கடைசியில் வந்துதான் சேர்ந்தது. தாராவியில் ஒரு தச்சர் செய்து, மாட்டுங்காவுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, மூன்று மாடி ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மேசை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது வருவதற்கு முன், அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், இரண்டு மாதம் நான் நடந்துகொண்ட விதத்தைத்தான் எழுத வேண்டும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் மனைவிக்கு வலது முழங்கால் மடங்காது. கல்யாணமாகி பம்பாய் வந்த முதல் மழையில் ஸ்டேஷன் மேம்பாலத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். கட்டுப் பிரித்தபோது கால் குச்சியாக நீட்டியபடி நின்றுவிட்டது. நடப்பாள், நின்றபடி சமைப்பாள், துணி உலர்த்துவாள். தரையில் உட்காருவதும் எழுவதும்தான் முடியாது. வீட்டில் கட்டில் கிடையாது; காலையில் பாயிலிருந்து நான்தான் கை கொடுத்துத் தூக்கிவிடுவேன்.

ஒரு நாள் கீழே பால்காரர் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். "லங்கடி மாமி வீடா? மூணாவது மாலா" என்று இந்தியில். நொண்டி மாமி வீடு, மூன்றாவது மாடி. என் பெயரை அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் தெரியாதா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவளுக்காக வந்த ஆத்திரம் இல்லை அது. எனக்காக வந்தது. அன்றிலிருந்து அவளோடு கடைத்தெருவுக்குப் போவதை ஏதாவது சாக்குச் சொல்லித் தவிர்க்க ஆரம்பித்தேன்.

பெண் குழந்தை பிறந்தது. முதல் நாற்பது நாள், குளிப்பாட்டவும் துணி மாற்றவும் ஒரு அம்மாள் வந்தாள். நீட்டிய காலில் குழந்தையைப் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் விட்டு, துடைத்துக் கையில் கொடுத்துவிடுவாள். அதற்குப் பிறகு காலையில் குளிப்பாட்ட மட்டும் வந்தாள். மீதிப் பகல் முழுக்க என் மனைவி தனியாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூளியிலிருந்து குழந்தையை நின்றபடி எடுத்துவிடலாம். எடுத்து எங்கே போடுவது? நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு கால் நீட்டிக்கொண்டு நிற்கும், மடி என்று ஒன்று அமையாது. குழந்தை வழுக்கும். தரையில் போட்டால் அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்க வேண்டும். இறங்கினால் குழந்தையோடு எழ முடியாது. குழந்தையை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தால், அப்புறம் குனிந்து அதை எடுக்க முடியாது. ஒரு சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்தபோது இரண்டு பேரும் தரையில் இருந்தார்கள்.

"எப்போலேர்ந்து இப்படி?" என்றேன்.

"மூணு மணியிலேர்ந்து" என்றாள். அடுப்பு மேடையில் குழந்தையைப் போட்டு மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். சமைக்கிற இடத்தில் மூத்திரத் துணியா என்று நான் ஆசாரம் பேசினேன். ஆவணி அவிட்டத்தன்று மட்டும் பூணூலை நினைத்துக்கொள்கிற ஆள் நான்.

அந்த வாரம் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. செம்பூரில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குத் திரும்புகிறது, வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு. பட்டியலில் குழந்தைக்குத் துணி மாற்றும் மேசை ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்து அதை நான் தமாஷாகத்தான் சொன்னேன்.

"துணி மாத்தறதுக்கு ஒரு மேசையாம். வெள்ளைக்காராளுக்குக் குனிய வராது போலிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்டாள்.

ஜன்னலுக்கும் மர அலமாரிக்கும் நடுவிலிருந்த இடத்தைத் தன் தையல் டேப்பால் அவளே அளந்தாள். சரியாக மூன்று அடி. டேப்பைச் சுருட்டி என் சட்டைப் பையில் போட்டாள். "ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வாங்கோளேன். மூணடிக்குள்ள இருந்தா வாங்கிடலாம்" என்றாள். மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு பொருள் வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, குர்லாவில் மாறி, செம்பூர் போனேன். மேசை வராந்தாவில் இருந்தது. வெள்ளை வர்ணம், மூன்று பக்கம் சின்னத் தடுப்பு, கீழே துணி வைக்க இரண்டு இழுப்பறை. உயரம் அவள் இடுப்புக்குச் சரியாக இருக்கும். டேப்பை எடுத்து அளந்தேன். இரண்டு அடி எட்டு அங்குலம். தாராளமாகக் கொள்ளும். விலையும் என் கைக்கு எட்டாததாக இல்லை. அந்தச் சாக்கும் எனக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

டேப்பும் கையுமாக நான் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல். எங்கள் ஆபீஸில் அடுத்த மேஜைக்காரர். சோபா பார்க்க வந்திருந்தார்.

"என்ன ஓய், இது எதுக்கு உமக்கு? உங்காத்துல தரை இல்லையா?"

நல்ல மனிதர், வேடிக்கையாகத்தான் கேட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, மனைவியின் காலைப் பற்றித் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டவன் நான்தான். "என் மனைவியால் தரையில் உட்கார முடியாது" என்று ஒரு வரி சொன்னால் போதும். மறுநாள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். யாராவது வீட்டுக்கு வந்தால் முதலில் கண்ணில் படப்போவது அந்த மேசை, அடுத்தது அவள் கால் என்று நினைத்தேன். "சும்மா, என்ன மரம்னு பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு டேப்பைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அவள் கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"மூணடி நாலு இஞ்ச்" என்றேன். "நாலு இஞ்ச் இடிக்கறது."

"நாலு இஞ்ச்தானே? அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தினா?"

"அது நகராது. சுவத்தோட ஆணி அடிச்சிருக்கு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்காவது ஆடத்தான் தெரியவில்லை. எனக்கு அளக்கத் தெரியும், அளந்தும் இருந்தேன். அவள் டேப்பை என்னிடமிருந்து வாங்கித் தையல் பெட்டியில் வைத்தாள். அந்த மேசையைப் பற்றி மறுபடி பேசவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நான் வரும்போதெல்லாம் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். குழந்தை சுத்தமாகத் தூளியில் தூங்கும். பழகிவிட்டாள், எல்லாம் பழக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மழையில் தண்டவாளம் மூழ்கிவிடும் என்று ஆபீஸை மத்தியானமே மூடிவிட்டார்கள். இரண்டு மணிக்கெல்லாம் எங்கள் கட்டிடத்துக்கு வந்துவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே இஸ்திரிக்காரர் ஒருவர் மேசை போட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஜாகை தாராவியில். அவர் மேசைக்கு எதிரே, எனக்கு முதுகைக் காட்டியபடி, என் மனைவி நிமிர்ந்து நின்றிருந்தாள். மேசைமேல் மடித்துப் போட்ட கம்பளியில் எங்கள் குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தது. அவள் ஈரத் துணியை எடுத்து, துடைத்து, வேறு துணி கட்டிக்கொண்டிருந்தாள். கரி இஸ்திரிப் பெட்டியைக் குழந்தைக்கு எட்டாமல் சுவரோரம் வைத்துவிட்டு, இஸ்திரிக்காரர் வாசலில் சாரலில் நின்றிருந்தார்.

"வாங்க சார்" என்றார். "ஒரு நிமிசம், அக்கா முடிச்சிருவாவ. அன்னைக்கு உருப்படி எடுக்க மேல வந்தேன், பிள்ளையோட தரையில இருந்து எந்திரிக்க மாட்டாம கெடந்தாவ. நம்ம மேசை இருக்குலா, ரெண்டு நேரம் வந்து மாத்திட்டுப் போங்கக்கான்னு சொல்லிட்டேன். வீட்டுல மேசை போட நாலு இஞ்சி பத்தலியாம்லா?"

என் பொய் கீழ்த்தளம் வரை வந்து, ஒரு நல்ல மனிதரின் வாயில் உண்மையாக இருந்தது. என் மனைவி திரும்பிப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமா, பத்தலை" என்றேன்.

"பாவம், நீங்களும்தான் என்ன செய்வீய" என்றார் அவர். அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டு நின்றேனே, அதுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். அவள் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து, மடங்காத காலைப் பின்னால் இழுத்து ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் அப்படித்தான். நாளைக்கு இரண்டு தடவை, ஒரு கையில் குழந்தையோடு, மூன்று மாடி இறங்கி ஏறியிருக்கிறாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றாள். ஏதாவது பேச வேண்டும் என்று எனக்கு வாய் அரித்தது.

"அந்த அலமாரியை எடுத்துடலாம்னு பார்க்கறேன்" என்றேன். "ஆணியைப் பிடுங்க ஆள் கூட்டிண்டு வரணும்."

"ஆணி ஒண்ணும் இல்லை" என்றாள். "நீங்க செம்பூர் போய்ட்டு வந்த மறுநாளே முதுகைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். நகர்ந்தது. அரை அடிக்கு மேலயே நகர்ந்தது."

"சொல்லலையே?"

"நாலு நாள் அப்படியே விட்டிருந்தேன். பார்த்துட்டு நீங்களே ஏதாவது சொல்வேள்னு இருந்தேன்." கம்பியில் கையை மாற்றிக்கொண்டாள். "நீங்க ஈரக் குடையைக் கொண்டுவந்து அந்த இடத்துல விரிச்சு வெச்சேள். அப்புறம் திரும்பத் தள்ளி வெச்சுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.