இரண்டை அழுத்தினால்

இறால் உரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நேற்றுதான் புது அப்டேட் போட்டேன். ஈரவிரலுக்கு மட்டும் திரை இன்னும் மசியவில்லை.

என் சின்ன வயதில், எங்கள் ஊர் பசியாவரத்தில் நைனா பட்டன் போன் வைத்திருந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஏரியில் வலை இழுத்த கையோடு, பார்க்காமலே இரண்டை அழுத்திப் பிடிப்பார். வீட்டில் அம்மாவின் போன் அடிக்கும். "வந்துகினுகீறேன், உலை வை."

விளையாட்டு ஆசையில் நான்தான் அடம்பிடித்து அதை டச் போனாக மாற்ற வைத்தேன். நைனா விரலை லுங்கியில் துடைத்துத் துடைத்துத் தொட்டார்.

"இன்னாம்மா, என் கைய இதுக்குத் தெரியலயே."

"நீதான் நைனா அப்டேட் ஆவணும்" என்று சிரித்தேன்.

மறுநாளிலிருந்து போனை என்னிடமே விட்டுவிட்டு ஏரிக்குப் போனார். பொழுது சாயும்போதெல்லாம் அம்மா கரையில் போய் நின்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் போனில் விளையாடிக்கொண்டிருந்தேன்.

இப்போது போன் மணி நின்றுவிட்டது. விரலை இன்னும் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.