வைக்கோல் ரூமில் பேசிய ராணி

நாடகத்துக்குக் கரன்ட் வேண்டும் என்று முதலில் கண்டுபிடித்தவர் என் மாமாதான். அதாவது, எங்கள் ஊரைப் பொறுத்தவரை. அம்மாவின் தம்பியான அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை. அங்கே எதைப் பார்த்தாலும் அதை எங்கள் ஊர்த் திருவிழா மேடையில் ஏற்றிவிட வேண்டும் என்று அவருக்குக் கை துறுதுறுக்கும். ஒரு வருஷம் டேபிள் ஃபேன் மோட்டாரையும் கலர் பேப்பரையும் வைத்து மேடையில் மழை பெய்ய வைத்தார். அடுத்த வருஷம், இரும்பு தூக்கும் செயினில் ஒரு தேவனைக் கட்டி வானத்திலிருந்து இறக்கினார். பாதி வழியில் செயின் சிக்கிக்கொண்டது. வரம் கொடுக்க வேண்டிய தேவன், "யோவ், இடுப்பு வலிக்குதுய்யா, எறக்கி உடுய்யா" என்று கெஞ்சியபடி தொங்கினார். ஜனங்களுக்கு அந்த நாடகம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது வருஷம் டேப் ரிக்கார்டர் வந்தது. அப்போது எனக்கு ஏழு வயது. மாமாவின் நடிகர்கள் எல்லோரும் ஷிஃப்ட் ஆட்கள். ராஜா ஒத்திகைக்கு வரும்போது மந்திரி வேலைக்குப் போய்விடுவார். யாருக்கும் வசனம் மனப்பாடமாகவில்லை. அதனால் வசனம் முழுவதையும் முன்கூட்டியே பதிந்துவிடுவது, மேடையில் வாயை மட்டும் அசைப்பது என்று மாமா முடிவு செய்தார். அந்த மெஷின், கம்பெனி ஆபீசர் ஒருவருடையது. பதிவுக்கு ஒரு நாள், நாடகத்துக்கு ஒரு நாள் என்று கறாராகச் சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

ராணி வேஷம் ஒரு வெல்டருக்கு. நடை, ஒயில் எல்லாம் அச்சு அசல் ராணிதான். வாயைத் திறந்தால்தான் லாரி ஸ்டார்ட் ஆகிற சத்தம். மாமா நேராக அம்மாவிடம் வந்து நின்றார்.

"நீதான்க்கா பேசணும். மெட்ராஸ்லர்ந்து ஒரு ரேடியோக்காரம்மா பேசிக் குட்த்தாங்கன்னு சொல்லிக்கிறேன்."

"அவருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்னு தெரியுமில்ல?" என்றாள் அம்மா.

அவர் என்றால் பெரியப்பா, நைனாவின் அண்ணன். எங்கள் வீட்டுக்கும் ஊர்க் கோயிலுக்கும் அவர்தான் தலை. முந்தின வருஷம் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துப் பாடியதற்காக, அந்த வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தவர். விஷயம் தெரிந்தால் மாமா அதோடு எங்கள் வாசலை மிதிக்க முடியாது. அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான். இருந்தும் அம்மா ஒப்புக்கொண்டாள். ஆசை யாரை விட்டது?

பெரியப்பா பொன்னேரிக்குப் போன ஒரு நாள், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய வைக்கோல் ரூமில் பதிவு நடந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு பேசினாள். அடுக்களையில் கேட்ட குரலே இல்லை அது. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. காட்டில் ராணி புலம்புகிற இடத்தில் எங்கள் பசு நீளமாகக் கத்தியது. மறுபடி பதிய நேரமில்லை.

"காடுன்னா மாடு இருக்காதா? உடுக்கா" என்றார் மாமா.

திருவிழா அன்று விளக்கு வைத்ததும் நாடகம் தொடங்கியது. பெரியப்பா முன்வரிசை நாற்காலியில் இருந்தார். பெண்கள் பக்கத்தில், அம்மாவின் மடியில் நான். ஒலிபெருக்கியில் ராணியின் குரல் வந்ததும் கூட்டம் கப்சிப். தன் தரப்பைக் கேட்காமலே கணவன் காட்டுக்குத் துரத்திவிட்ட ராணி அவள். காட்டுக் காட்சியில் பசு கத்தியது. பெரியப்பா சட்டென்று தலையைத் திருப்பி எங்கள் வீடு இருந்த திசையைப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். அம்மாவின் கை என் தோளை இறுக்கியது.

கடைசிக் காட்சி. ராணி அரசசபைக்கு வந்து நியாயம் கேட்க வேண்டும். "மன்னா, அன்று என்னை ஒரு வார்த்தை..." என்ற குரல் இழுத்து இழுத்து இறங்கி, ஆண் குரலாகி, நின்றுவிட்டது. விளக்குகளும் போயின.

"கரன்ட்டு பூட்ச்சி" என்று யாரோ சொன்னார்கள்.

டீக்கடை பெட்ரோமாக்ஸை மேடைக்குத் தூக்கி வந்தார்கள். அந்த வெளிச்சத்தில் வெல்டர் கையை நீட்டி, வாயைத் திறந்தபடி நின்றார். அவருக்கு ஒரு வரிகூடத் தெரியாது. திரைக்குப் பின்னால் மாமா தலையில் கையை வைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

"மன்னா, அன்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

குரல் என் முதுகில் அதிர்ந்தது. அம்மா பேசிக்கொண்டிருந்தாள். இருட்டில் இருந்த இடத்திலிருந்தே, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை பிசகாமல். "என் வாயை அடைத்தது நீங்கள் மட்டுமா? இந்தச் சபையும்தானே? இன்று நான் பேசுகிறேன். கேளுங்கள்." வெல்டர் சுதாரித்துக்கொண்டு வாயசைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்களில் ஒருத்திகூட அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. மெஷின்தான் பேசுகிறது என்று அவர்களும் ஏமாந்துவிட்டார்கள் என எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ராணி பேசி முடித்தாள். இப்போது ராஜா தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவர் திருதிருவென்று விழித்தார். அப்போது முன்வரிசையிலிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது.

"அது கேக்கறது நியாயம்தான். உள்ள இட்டுக்கினு போப்பா."

ராஜா விழுந்தடித்துக்கொண்டு ராணியின் கையைப் பிடித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. நாடகத்துக்கு நடுவில் இப்படிப் பேசிக் கெடுக்கிறாரே என்று எனக்குப் பெரியப்பாமேல் கோபம். அம்மா முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த பிறகு எதற்கு அழுகை என்று புரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரியப்பா மாமாவிடம், "உன் மெஷினு பரவால்லடா. கரன்ட்டு இல்லாட்டியும் பேசுது" என்றார். எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட நாக்கு துடித்தது. சத்தியத்துக்குப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, பனியில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு நல்ல ஜலதோஷம். பெரியம்மா ஒரு பெரிய டம்ளர் நிறையப் பாலில் பனங்கற்கண்டும் மிளகும் போட்டுக் கொண்டுவந்தாள். நான் கையை நீட்டினேன்.

"உனக்கில்லடி. உங்கம்மாவுக்குக் குடுக்கச் சொன்னாரு உங்க பெரியப்பா" என்று சொல்லி, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூக்கு ஒழுகுவது எனக்கு, பால் அம்மாவுக்கு. வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றுகூடத் தெரியாத மனுஷர் ஊருக்கு எப்படித் தலைவராக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.